இரண்டு இடது கைகள்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். எங்கள் சலவைக்கூடத்தில் ஏழு வருஷமாக எனக்கு எதிர்முனை இரட்டையம்மாதான். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு என்றால் நானூறு தடவை அவள் முகம் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்துவிட்டுப் போகும். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே அன்றைய நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்று அவள் உதறிய உதறலில் விரிப்பு என் கையை விட்டுப் பறந்து, ஈரத்துணி வண்டியின் மேல் போய் விழுந்தது.

“ஏன்டி, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றேன்.

“ஓட்டப்பந்தயச் சங்கத்துல இருந்து லெட்டர் வந்திருக்குக்கா. நெட்டைக்கு ஒன்பதரை வயசு இல்லையாம்.”

“பின்ன எத்தனையாம்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் அவ கையைப் படம் பிடிக்கணுமாம். பெத்தவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். என்கிட்ட கேட்காம கையைக் கேட்பாங்களாம்.”

இரட்டையம்மா என்ற பெயர் அவளுக்கு இங்கே வந்த முதல் நாளே விழுந்தது. இடுப்புக்கு ஒன்றாக இரண்டரை வயதுப் பெண் குழந்தைகள் இரண்டைச் சுமந்துகொண்டு வேலை கேட்டு வந்தாள். “ரெண்டும் உன்னுதா?” என்று கேட்டார் மேஸ்திரி. “இல்ல, ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன்” என்றாள். வேலை கிடைத்துவிட்டது. ஜாடை வேறு, நிறம் வேறு, அழுகை வேறு என்று வந்த அந்த இரட்டைகளில் பன்னிரண்டு நிமிஷம் முந்திப் பிறந்தவள் நெட்டை, பிந்திப் பிறந்தவள் பொடி. அவரவர் பெயர் பள்ளிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை.

ஏழரை வயது வரை இரண்டும் ஒரே உயரம்தான். அதன் பிறகு மூத்தவள் முருங்கை மரம்போல் வளர ஆரம்பித்தாள். ஒன்பதரை வயதில் அம்மாவின் காதைத் தொட்டாள். பொடி அக்காவின் தோளளவுதான் நின்றாள். நெட்டைக்கு நீளக் கால்கள், நன்றாக ஓடினாள். பத்து வயதுக்கு உட்பட்டோர் பந்தயத்தில் மூன்று தடவை தொடர்ந்து முதல். மூன்றாம் தடவை, இரண்டாவதாக வந்த பிள்ளையின் அப்பா ஓட்டப்பந்தயச் சங்கத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டார். சங்கம் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது. அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பிள்ளைகள் பிறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பதிவு செய்திருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அந்தச் சமயத்தில் எங்கோ தூரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ஏற்றிக்கொண்டிருந்தார். வருகிறேன், வந்து பதிகிறேன் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். தாமதமாகப் பதிந்த சான்றிதழ் செல்லாது, இடது கை எக்ஸ்ரே வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

“ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டின மனுஷனுக்கு ஒரு ஆபீஸ் படி ஏற முடியல” என்று அடுத்த விரிப்பை உதறினாள். “இப்போ அந்த ரெண்டு வருஷச் சோம்பேறித்தனத்துக்கு என் பிள்ளை கையை நீட்டணும்.”

எனக்கு விடுப்பு பாக்கி இருந்தது. துணைக்கு நானும் போனேன்.

எக்ஸ்ரே அறை சில்லென்று இருந்தது. நீராவியிலேயே வெந்துகொண்டிருக்கும் எங்களுக்கு அது சொர்க்கம். எக்ஸ்ரே எடுக்கும் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நெட்டையின் இடது கையை ஒரு தட்டின் மேல் கவிழ்த்து வைத்து, விரல்களைக் கொஞ்சம் விரிக்கச் சொன்னான்.

“வலது கை வேணாமா?” என்று பொடி கேட்டாள். கூட வரமாட்டேன் என்று அடம்பிடித்து, பிறகு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாம் என்று தெரிந்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொண்டவள் அவள்.

“எல்லாப் பிள்ளைங்களுக்கும் இடது கைதான் பாப்பா. டாக்டருங்ககிட்ட ஒரு பெரிய புஸ்தகம் இருக்கு. எந்த வயசுல எலும்பு எப்படி இருக்கும்னு அதுல படம் படமா இருக்கும். எல்லாமே இடது கைப் படம். அதுக்குப் பக்கத்துல இதை வச்சு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.”

“ஆடாம இருக்கணும்” என்று அவன் சொன்னபோது நெட்டை மூச்சையும் நிறுத்திவிட்டாள். படம் எடுத்து முடித்து அவன் வெளியே வந்து, “மூச்சு விடும்மா, அதுக்கெல்லாம் தடையில்ல” என்று சொல்ல வேண்டியிருந்தது.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. எலும்பு வயது பன்னிரண்டரை.

சங்கத்தின் கடிதம் அதற்கு மறுநாளே வந்தது. அந்த வேகத்தை அவர்கள் வேறெதிலும் காட்டியதில்லை. வயதை மறைத்து ஓடியதால் பதக்கங்கள் பறிமுதல், ஒரு வருஷத் தடை, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நகல். பள்ளிக்கூடம் தன் பங்குக்கு, வயது விவரம் சரிபார்க்கப்படும் வரை இரண்டு பேரையும் அடுத்த வகுப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிச் சான்றிதழ். ஒன்று பொய்யென்றால் மற்றதும் பொய்தானே என்றார் தலைமையாசிரியை.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். சலவைக்கூடத்துப் பின்பக்கம், காய்ந்த துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம். வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். இதை மறைப்பானேன், அது என்னுடைய யோசனைதான்.

“பொடி கையையும் படம் எடுத்துடு. ரெண்டும் ஒரே வயித்துல ஒரே நாள்ல பிறந்தது. எலும்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனூண்டு இருக்கிற பொடிக்கும் பன்னிரண்டரைன்னு வந்துச்சுன்னா, அந்த மிஷினோட லட்சணம் தானா தெரிஞ்சுடும்.”

அவள் முகம் தெளிந்தது. “அக்கா, உனக்கு மூளை இருக்குன்னு இத்தனை நாளா நீ சொல்லவே இல்லையே” என்று சொல்லிவிட்டு முதல் கவளத்தைப் போட்டுக்கொண்டாள்.

பொடி கையையும் எடுத்தோம். அறிக்கையை வாங்கப் போனபோது அதே பையன்தான் இருந்தான். கவரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினான்.

“எத்தனை தம்பி? பன்னிரண்டரைதானே?”

“எட்டு.”

“என்ன எட்டு?”

“எட்டு வயசும்மா.” மெதுவாகச் சொன்னான். “நான் சொல்லக் கூடாது, நான் டாக்டர் இல்ல. ஆனா இதைத் தூக்கிட்டு நேரா சங்கத்துக்குப் போயிடாதீங்க. ரெண்டு படத்தையும் முதல்ல மேல குழந்தைங்க வளர்ச்சி டாக்டர் இருக்காங்களே, அவங்ககிட்ட காட்டுங்க. முக்கியமா பெரிய பொண்ணோடதை.”

“சண்டை சங்கத்தோட தம்பி. டாக்டரோட எனக்கென்ன தகராறு?” என்று கவரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். நாங்கள் நேராகச் சங்கத்துக்குத்தான் போனோம்.

சங்கத்து அலுவலகம் ஒரு விளையாட்டுத் திடலின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கூரை சரிந்திருந்ததால் செயலாளர் எழுந்து நிற்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். பல வருஷப் பழக்கம், உட்கார்ந்திருக்கும்போதும் குனிந்தே இருந்தார். நெட்டையும் பொடியும் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரட்டையம்மா இரண்டு அறிக்கைகளையும் மேஜைமேல் வைத்தாள். “பாருங்க சார். ஒண்ணு பன்னிரண்டரைங்குது, இன்னொண்ணு எட்டுங்குது. ரெண்டு பேரும் பன்னிரண்டு நிமிஷ வித்தியாசத்துல பிறந்தவங்க. நாலரை வருஷமா நான் பிரசவ வலியில இருந்தேன்?”

செயலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“இதுல இருந்து ஒண்ணு தெளிவாத் தெரியுதும்மா.”

“அப்பாடா. சொல்லுங்க.”

“இவங்க ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைங்க இல்ல.”

வெளியே திடலில் யாரோ விசில் ஊதினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் நான் பார்க்காத முகம் அது.

“என்ன சார் சொல்றீங்க?”

“நானா சொல்றேன்? எலும்பு சொல்லுது. ஒரே நாள்ல பிறந்திருந்தா எலும்பு ஒரே மாதிரி இருக்கணும். இல்லேன்னா, ரெண்டுல ஒருத்தி உங்க…” சொல்ல வந்ததை அவரே பாதியில் விழுங்கப் பார்த்தார்.

“உங்க பொண்ணு இல்லங்கிறீங்க.”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லிட்டீங்க. எந்த ஒருத்தின்னும் சொல்லிடுங்க. இங்கேயே விட்டுட்டுப் போறேன். நாலு மாடி தண்ணி ஏத்தித் துணி துவைச்சுப் போடற வேலையாவது மிச்சம்.”

பொடி சட்டென்று நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, என்னைத்தான் விட்டுட்டுப் போவியா?” என்று கேட்டாள். நெட்டை, “சும்மா சொல்றாங்கடி, லூசு” என்றாள். ஆனால் அவளுடைய கண்ணும் அம்மாவின் மேல்தான் இருந்தது.

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. “விதின்னு ஒண்ணு இருக்கும்மா. மேல இருந்து வந்தது. படம் எடுக்கணும், அறிக்கையைப் பார்க்கணும், அதுல இருக்கிற வயசை எழுதணும். எனக்கு வேற என்ன தெரியும்? நான் ஓடினவன், எலும்பு படிச்சவன் இல்ல. டாக்டர் யாராவது எழுதிக் குடுத்தா குழுவுல வைக்கிறேன்.”

படி ஏறி வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டிருக்கலாம். எல்லாம் உன்னால வந்ததுக்கா. நீயும் உன் மூளையும்.”

யோசனை என்னுடையதுதானே.

வளர்ச்சி டாக்டர் அம்மாவுக்குக் கூட்டம் அதிகம். காலையில் எட்டு மணிக்குப் போட்ட சீட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் இரட்டையம்மா, அங்கே கட்டில்களில் விரித்திருந்த விரிப்புகளின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது நம்ம மடிப்பு இல்ல. காலை ஷிஃப்ட்காரிங்க. மூலை சேரல பாரு” என்று குறை சொல்லி நேரம் போக்கினாள்.

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். இரண்டு இடது கைகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சதையில்லாமல் பார்த்தாலும் எது யாருடையது என்று தெரிந்தது.

“இந்தச் சின்னக் கையைப் பாருங்க. மணிக்கட்டுல கூழாங்கல் மாதிரி இருக்கே, அதெல்லாம் பிறக்கும்போது இருக்காது. ஒவ்வொண்ணா வரும். இவளுக்கு ஏழு வந்திருக்கு, எட்டாவது இன்னும் தெரியல. விரல் எலும்பு ஒவ்வொண்ணுக்கும் அடியில கறுப்பா ஒரு கோடு தெரியுதா? அதுதான் வளர்ற இடம். நல்லா அகலமா இருக்கு. இவ கொஞ்சம் நிதானம். பயப்பட ஒண்ணுமில்ல, இந்த அளவு முன்னப் பின்ன எத்தனையோ பிள்ளைங்களுக்கு இருக்கும்.”

“அப்போ எட்டு வயசு இல்லையே?”

“இல்லம்மா. எலும்பு வயசுங்கிறது பிறந்து எத்தனை வருஷம் ஆச்சுங்கிற கணக்கு இல்ல. எவ்வளவு வளர்ந்தாச்சு, இன்னும் எவ்வளவு பாக்கிங்கிற கணக்கு. ஒரே நாள்ல அடுப்புல வச்ச ரெண்டு பாத்திரத்துல ஒண்ணு முன்னாடி கொதிக்கலையா? இதை வச்சு ஒரு பிள்ளையோட பிறந்த நாளைச் சொல்ல முடியாது. அதை நான் சங்கத்துக்கு எழுதித் தர்றேன்.”

இரட்டையம்மா நாற்காலியில் சாய்ந்தாள். வந்த வேலை முடிந்தது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“இப்போ பெரியவளைப் பார்ப்போம்.” பெரிய கையில் கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பேனா முனையால் தொட்டார். கடுகு அளவுக்கு ஒரு சின்ன எலும்பு. “இது பொதுவா பதினொரு வயசு வாக்குலதான் தெரிய ஆரம்பிக்கும். தங்கச்சிகிட்ட இல்ல பாருங்க. விரல் அடியில இருந்த கறுப்புக் கோடெல்லாம் இவளுக்கு மெலிஞ்சுடுச்சு. இவ மூணு வருஷம் முன்னாடி ஓடிட்டிருக்கா. இவளுக்கு உடம்புல மாற்றம் எப்போ ஆரம்பிச்சுது?”

அவள் பிள்ளைகளை வெளியே போய் உட்காரச் சொன்னாள். அவர்கள் போன பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏழரை இருக்கும் டாக்டர். திடீர்னு வளர்ந்தா. நல்லா சாப்பிடறா, ஓடறா, அந்த வாகுன்னு நினைச்சேன்” என்றாள்.

“பெரியவளாயிட்டாளா?”

“இல்ல.”

“அதுக்குள்ள வந்தது நல்லதாப் போச்சு. இப்படியே விட்டா சீக்கிரம் ஆயிடுவா. அதோட இந்தக் கோடும் மூடிடும். மூடிட்டா உயரம் அவ்வளவுதான். இப்போ வகுப்புலயே உசரமா நிக்கிறவ, நாளைக்கு எல்லாரையும் விடக் குள்ளமா நின்னுடுவா. பொடிப் பொண்ணு இவளைத் தாண்டிப் போயிடுவா.”

“நெட்டையா? குள்ளமாவா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“ஆமா. ரத்தம் பார்க்கணும், தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும், உள்ள வேற காரணம் இல்லன்னு தெரிஞ்சுக்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு ஊசி. அது இந்த அவசரத்தை நிறுத்தி வைக்கும். வளர வேண்டிய வயசு வந்ததும் ஊசியை நிறுத்திடுவோம், அது பாட்டுக்கு வளரும்.”

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. “ரெண்டு வருஷமா தினமும் நான்தான்க்கா தலை சீவி விடறேன்” என்றாள். “யாரோ ஒருத்தன் பொறாமையில எழுதிப் போட்ட புகார்தான் கண்டுபிடிக்கணுமா?”

இரண்டு வாரம் அலைந்தோம். ரத்தம் ஒரு நாள், ஸ்கேன் ஒரு நாள், அறிக்கை வாங்க ஒரு நாள், அறிக்கையில் பெயர் தப்பாக இருந்ததால் அதைத் திருத்த இரண்டு நாள். மேஸ்திரி ஒவ்வொரு தடவையும், “இன்னைக்கு எந்த எலும்பு?” என்று கேட்டார். தலையில் ஒன்றும் இல்லை என்று வந்த அன்று அவள் வேலைக்கு நேரத்தோடு வந்து, நூற்றிருபது விரிப்பு மடித்தாள். நூற்றிருபத்தோராவதை உதறாமல் முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். நான் என் முனையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. குழாயில் தண்ணீரும் அன்று மேலே ஏறவில்லை; கீழேயிருந்து வாளியில் சுமக்க வேண்டியிருந்தது. எனக்கு முன்பே ஓட்டப் பயிற்சியாளர் வந்து டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஊசி வேணாம்னு நான் சொல்லலம்மா. மூணு மாசம் தள்ளிப் போடுங்கன்னுதான் சொல்றேன். பெரிய பந்தயம் வருது. டாக்டர் லெட்டரைக் காட்டித் தடையை நீக்கிடலாம். இப்ப இருக்கிற உசரத்துக்கு அந்தச் சின்னப் பிள்ளைங்க நடுவுல இவ ஓடினா தங்கம் நிச்சயம்.”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “ஊசி போட்டா ஓட்டம் குறையுமா சார்?”

“சொல்ல முடியாது.”

“அப்படின்னா மூணு மாசம்தானே…” என்று அவர் மனைவியைப் பார்த்தார்.

“என்னங்க, மூணு மாசம்தானேன்னு நீங்க சொல்லாதீங்க. உங்களோட ‘தானே’ ரெண்டு வருஷத்துல வந்து நிக்கும், அனுபவப்பட்டிருக்கேன்.” பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள். “சார், அவ உள்ளுக்குள்ள ஏதோ அவளைத் துரத்துதாம். அதனாலதான் இந்த ஓட்டமாம். அதை வச்சுத் தங்கம் வாங்கி நான் எங்க மாட்ட? ஒன்பதரை வயசுப் பிள்ளை சார் அது. ஒன்பதரை! எத்தனை தடவை சொல்றது, எத்தனை ஆபீஸ்ல சொல்றது? ஒருத்தருக்காவது அது பிள்ளையாத் தெரியுதா?”

கத்திய வேகத்திலேயே வாசலைப் பார்த்து, “ஏய் நெட்டை, அங்க என்ன வேடிக்கை? ரெண்டு வாளி இன்னும் கீழ இருக்கு பாரு, போய் எடுத்துட்டு வா” என்றாள்.

நெட்டை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் இரண்டு வாளியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள், கழுத்தெல்லாம் வியர்வை. பொடி தரையில் கவிழ்ந்து படுத்து, காலை ஆட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“அவளைப் போகச் சொல்லு” என்றாள் நெட்டை.

“அவ சின்னவடி. நீ பெரியவ இல்ல?”

“பன்னிரண்டு நிமிஷம்.”

“என்னது?”

“பன்னிரண்டு நிமிஷம்தான் நான் பெரியவ. நீதான எல்லா ஆபீஸ்லயும் சொன்ன?” அவள் குரல் உடைந்தது. “ஆபீஸ்ல மட்டும் எனக்கு ஒன்பதரை, வீட்டுல பன்னிரண்டரையா? தண்ணி நான் தூக்கணும், இவ பையை நான் தூக்கணும், இவ அழுதா நான் பார்த்துக்கணும். நான் அழுதா ‘இவ்ளோ பெரிசா இருந்துட்டு அழுறியே’ன்னு சொல்ற. அந்த சார் என் கைப் படத்தைப் பார்த்துட்டுச் சொன்னாரு. நீ படம் பார்க்காமலே சொல்ற.”

பயிற்சியாளர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். பொடி காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

இரட்டையம்மா மேஸ்திரிக்கு, செயலாளருக்கு, ஊர் உலகத்துக்கெல்லாம் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பவள். இப்போது முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். வீட்டுக்காரர், “இரு, நான் போறேன்” என்று எழுவதற்குள் அவள் ஒரு மாடி இறங்கியிருந்தாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு மூச்சுவாங்க ஏறி வந்தபோது, பயிற்சியாளர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். “ஊசியைப் போடுங்கம்மா. ஓட்டம் எங்கேயும் ஓடிடாது” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாளியை இறக்கி வைத்துவிட்டு அம்மா அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். அதற்கு அவள் குனிய வேண்டியிருக்கவில்லை. “தெரியாமப் போச்சுடி” என்றாள்.

டாக்டரின் கடிதத்தைக் குழுவில் வைத்தார்கள். நாலு பேர் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் செயலாளர் குனிந்தபடியே வந்து முடிவைச் சொன்னார். வயதை மறைத்ததாகச் சொன்ன புகார் ரத்து, தடை ரத்து, பள்ளிக்கூடத்துக்கும் எழுதுவார்கள். ஆனால் எலும்பு வயது பன்னிரண்டரை இருக்கும்வரை பத்து வயதுக்காரர்களோடு ஓட முடியாது. பதின்மூன்று வயதுக்காரர்களோடு ஓடலாம்.

“அதாவது என் பொண்ணுக்கு வயசு ஒன்பதரைதான், ஆனா ஒன்பதரை இல்ல” என்றாள் இரட்டையம்மா.

“விதிம்மா” என்றார் அவர், பரிதாபமாக. “நீங்க ரெண்டு பேரும் இரட்டைதான்னு குழு ஏகமனதா ஏத்துக்கிட்டுது” என்று பிள்ளைகளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

“ரொம்ப உபகாரம்” என்றாள்.

நெட்டை அந்த வாரமே ஒரு சின்னப் பந்தயத்தில் பதின்மூன்று வயதுக்காரர்களோடு ஓடினாள். எட்டுப் பேரில் ஆறாவது. அழுவாள் என்று நாங்கள் கைக்குட்டையோடு நின்றோம். அவள் சிவந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாள். “அந்த அக்காங்கல்லாம் பயங்கர வேகம்மா. ஒரு அக்கா எனக்கு ஷூ கயிறு கட்டிவிட்டாங்க” என்றாள். வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும் எல்லாருக்கும் பெரியவளாகவே இருந்த பிள்ளைக்கு, அக்கா என்று கூப்பிட முதல் முதலாக ஏழு பேர் கிடைத்திருந்தார்கள்.

முதல் ஊசி ஒரு செவ்வாய்க்கிழமை போட்டார்கள். காலையிலிருந்து மழை. ஊசிக்கு நெட்டை அழுதாள், நன்றாகவே அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர், “இவ்ளோ பெரிய பொண்ணு…” என்று ஆரம்பித்தார். இரட்டையம்மா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் நெட்டை, நடுவில் அவள், இந்தப் பக்கம் பொடி. நான் பின் இருக்கையில். ஈரக் குடைகளின் தண்ணீர் பஸ் ஓட ஓட முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்தார், என் டிக்கெட்டை நான் வாங்கிக்கொண்டேன். பத்து வயது வரை அரை டிக்கெட். ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக நெட்டைக்கு அவள் முழு டிக்கெட்தான் வாங்கி வந்தாள். அரை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு வழக்கு நடத்த வேண்டும். அந்த அலுப்புக்குப் பயந்து.

“ஒரு முழுசு, ரெண்டு அரை” என்றாள்.

கண்டக்டர் பொடியைப் பார்த்தார். “ஒரு அரை சரி. இன்னொரு அரை யாருக்கு?”

“இவளுக்கு.”

“விளையாடறீங்களாம்மா? எத்தனை வயசு?”

“ஒன்பதரை.”

“ஒன்பதரையா இது? என் தோள் உசரம் இருக்கும்போல. இந்தாம்மா, எழுந்து அந்தக் கம்பி பக்கத்துல நில்லு. அதுல கோடு போட்டிருக்கு, பார்த்துடுவோம்.”

நெட்டை பழக்கத்தில் எழுந்தாள். எங்கே யார் நிற்கச் சொன்னாலும் நிற்க, நீட்டச் சொன்னாலும் நீட்டப் பழகியிருந்தாள். இரட்டையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“உட்காருடி. அவ எழுந்திருக்க மாட்டா.”

“அளக்காம எப்படிம்மா குடுக்கிறது?”

“எனக்கு அவசரமில்ல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போறோம். நீங்க யோசிச்சுக் குடுங்க.”

அவள் பையில் டாக்டரின் கடிதம் இருந்தது, சான்றிதழ்கள் இருந்தன, இரண்டு கைகளின் படங்களும் இருந்தன. எனக்கே எடுத்துக் கொடுக்கச் சொல்ல வாய் வந்தது. அவள் பையின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. கண்டக்டர் அவளைப் பார்த்தார், நெட்டையின் நீட்டிக்கிடந்த கால்களைப் பார்த்தார், அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தார். மேலே பஸ் கூரையையும் ஒரு தடவை பார்த்தார்.

“என் தலையெழுத்து” என்று சலித்துக்கொண்டே இரண்டாவது அரை டிக்கெட்டைக் கிழித்தார்.

அவள் அதை வாங்கி நெட்டையின் கையில் கொடுத்தாள். நெட்டை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்த நீண்ட காலையெல்லாம் மடக்கி, கஷ்டப்பட்டு இருக்கைமேல் ஏற்றி, அம்மாவின் மடியில் தலையை வைத்துச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.